எத்தனாவது முதல் பக்கம்?

"ஏண்டா, நம்ம பக்கம் பூரா ரெண்டாம் பக்கத்துல கிடக்கே, இது உனக்கே நல்லா இருக்கா?"

காலை எட்டு மணி. சர்வேயரின் ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ், இன்னொரு கையில் போன், வாய் நிறைய நுரை. அம்மா கேட்டது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

"எந்தப் பக்கம்மா?"

"நம்ம பக்கம்டா! நான் எழுதினது, உன் பெரியப்பா எழுதினது, எல்லாம் ரெண்டாம் பக்கம். முதல் பக்கத்துல மொத்தமா உன் மாமியார் பக்கம்தான் உக்காந்திருக்கு."

சர்வேயர் நுரையைத் துப்பினார்.

"அது தானா அப்படி விழுந்துடுச்சும்மா. நான் யாரையும் தள்ளல."

"தானா விழுமா? பத்தும் தானா எந்திரிச்சு ரெண்டாம் பக்கத்துக்கு நடந்து போச்சாக்கும்?"

அம்மா போனை வைத்துவிட்டார். சர்வேயருக்குப் பன்னிரண்டு வருடமாக நிலத்தை அளந்து பிரித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணன் தம்பிகளுக்கு நடுவே நின்று கல் நட்டுவிட்டு, இரண்டு பேரிடமும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த மனிதர். நிலத்தையே பிரிப்பவனுக்கு இணையத்தில் நாலு பக்கத்தைப் பிரிக்க வராதா என்று ஒரு மிதப்பு அவருக்கு இருந்தது. அந்த மிதப்பு அன்று காலை எட்டு மணியோடு முடிந்தது.

நடந்தது இதுதான்.

சர்வேயரின் பக்கத்து உறவும் மனைவியின் பக்கத்து உறவும் கல்யாணமான நாளிலிருந்து, அதாவது மூன்று வருடமாக, பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு குடும்பப் புகைப்படம். "இந்தப் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று புகைப்படக்காரர் சொன்னார். சர்வேயரின் அம்மா மரியாதைக்குத் தள்ளி நின்றார். படம் வந்தபோது அதில் அவருடைய முழங்கை மட்டும் இருந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று இந்தப் பக்கம் சொன்னது. முழங்கையாவது விழுந்ததே என்று அந்தப் பக்கம் சொன்னது. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

இப்போது மனைவிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது.

"எனக்கு ரெண்டு அம்மாவும் வேணுங்க. உங்கம்மாவும் வரணும், எங்கம்மாவும் வரணும். நமக்குக் குழந்தையை எப்படித் தூக்கறதுன்னுகூடத் தெரியாது. நீங்க தூக்கினா அளவு நாடாவைச் சுத்தற மாதிரி சுத்திடுவீங்க" என்றார் மனைவி.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. இந்த அம்மா வந்தால் அந்த அம்மா வரமாட்டார், அந்த அம்மா வந்தால் இந்த அம்மா வாசலோடு திரும்பிவிடுவார் என்பது இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் சர்வேயருக்கு அந்த யோசனை வந்தது. நேரில் பேசாதவர்கள் எழுதினால் படிப்பார்கள் அல்லவா? குடும்பத்துக்கென்று ஒரு இணையதளம். இரண்டு பக்கத்தாரும் மனதில் இருப்பதை எழுதி அனுப்ப வேண்டியது, சர்வேயர் அதைத் தளத்தில் போட வேண்டியது. படிக்கப் படிக்க மனது இளகிவிடும். அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர் ஒரு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தார். எழுதியதையெல்லாம் ஒரு இடத்தில் போட்டுவிட்டு ஒரு கட்டளை தட்டினால் போதும், அதுவே பக்கம் பக்கமாகச் செய்து அடுக்கிவிடும், பிறகு அதை இணையத்தில் ஏற்ற வேண்டியதுதான். அதற்கு ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்று பெயர்.

"ஜெனரேட்டர் வச்சிருக்கேம்மா" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஏன், உங்க ஏரியால கரண்ட் போகுதா?"

விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. தளத்துக்கென்று ஒரு முகவரியும் காசு கொடுத்து வாங்கி, இரண்டு பக்கத்தாருக்கும் அனுப்பினார்.

கட்டளை தட்டியதும் கணினி கொஞ்ச நேரம் முனகிவிட்டு 'முடிந்தது' என்று திரையில் காட்டும். வேலை முடிந்தது என்று கணினியே சொன்னபிறகு மனிதன் சந்தேகப்படக்கூடாது என்பது சர்வேயரின் கட்சி. மேசையில் இருக்கும் அந்தக் கணினியிலேயே தளத்தைத் திறந்து, மனைவியைக் கூப்பிட்டு, தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கச் சொல்லி இருவரும் ரசிப்பார்கள்.

முதல் வாரம் சர்வேயர் பக்கத்தார் சுறுசுறுப்பாக எழுதினார்கள். பெரியப்பா 'என் முதுகுவலியும் நானும்' என்று ஒரு தொடரே ஆரம்பித்தார். இரண்டாம் வாரம் இவர்கள் ஓய்ந்துபோக, மனைவி பக்கத்தார் ஆரம்பித்தார்கள். மாமியார் அடக்கமாக எழுதினார். உடற்பயிற்சிக்கூடமே கதியென்று கிடக்கும் மைத்துனன் எழுத்தைவிடப் படத்தை நம்பினான். மொத்தம் இருபது பதிவுகள், எல்லாம் ஒரே பக்கத்தில், நடுநடுவே மைத்துனனின் புஜங்கள்.

"எவ்வளவு தூரம்தான் தள்ளிக்கிட்டே போறது? அடியில போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குப் பிரசவமே ஆயிடும்" என்றார் மனைவி.

ஆகவே சர்வேயர் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதிவு, புதியது முதலில் என்று மாற்றினார். கணினி 'முடிந்தது' என்றது. இரண்டு பக்கத்தாரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்க ஒப்பமாட்டார்கள் என்பதால் தனித்தனியாக இரண்டு குழுவுக்கும் தகவல் அனுப்பினார். வெறும் தகவல் இல்லை. பதிவின் பெயர், எழுதியவர், இருக்கும் பக்கம், மேலிருந்து எத்தனாவது, எல்லாம் கட்டம் போட்ட பட்டியல். வேலைப் பழக்கம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் காலை எட்டு மணி.

"இதுக்கு ஏன் இப்படி முழிக்கறீங்க? பழசு முதல்லன்னு திருப்பி வச்சிடுங்க. உங்கம்மா முதல் பக்கம் வந்துடுவாங்க" என்றார் மனைவி.

பெருந்தன்மையான யோசனை. சர்வேயர் அப்படியே செய்தார். 'முடிந்தது' என்று வந்தது. பட்டியல் போயிற்று. பத்தாவது நிமிடம் மாமியாரின் அழைப்பு.

மாமியார் சண்டை போடுகிறவர் இல்லை. அது இன்னும் மோசம்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"உங்களை ஒண்ணும் குறை சொல்லல மாப்பிள்ளை. ரெண்டாம் பக்கமும் பக்கம்தானே? நாங்க பழகிக்கிறோம். ஒரே ஒரு நாள் முதல் பக்கத்துல இருந்தோம், அதுவே பெரிய விஷயம்."

"அத்தை, நீங்க பார்த்தீங்களா? ரெண்டாம் பக்கமும் அழகாத்தான் வந்திருக்கு."

"பார்த்தேன் மாப்பிள்ளை. கண்ணுல தண்ணி வந்துடுச்சா, எழுத்து சரியாத் தெரியல."

சர்வேயர் நாற்காலியில் சரிந்தார். அன்று மாலையே பெருமூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்தார். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கினால் யாரும் வாய் திறக்க முடியாது அல்லவா? இரண்டு பக்கத்திலும் ஐந்துக்கு ஐந்து, அங்குல சுத்தமாகப் பங்கீடு. அப்படி அடுக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. 'முடிந்தது' வந்தபோது பட்டியலை அனுப்பிவிட்டு எழுந்து நின்று சோம்பல் முறித்தார்.

மறுநாள் நிலம் அளந்துகொண்டிருந்த இடத்துக்குப் பெரியப்பாவின் அழைப்பு வந்தது.

"டேய், என் முதுகுக்குப் பக்கத்துல அவன் முதுகை எதுக்குடா வச்ச?"

சர்வேயர் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது இடத்தில் 'என் முதுகுவலியும் நானும்: பாகம் நான்கு'. அதற்கு நேர் அடுத்து, மைத்துனனின் 'முதுகு என்றால் இப்படி இருக்க வேண்டும்', படத்துடன்.

"தற்செயலா வந்திருக்கு பெரியப்பா."

"எழுபத்திரண்டு வயசுல நான் எழுந்து உக்காரவே ஆள் வேணும். என்னைப் பார்த்துக் காட்டறானா, முதுகை?"

அந்த அழைப்பு முடிவதற்குள் மைத்துனனின் அழைப்பு உள்ளே வந்துவிட்டது.

"மாமா, என் போட்டோவுக்கு மேலயே முதுகுவலின்னு போட்டிருக்கீங்க. பார்க்கறவங்க எனக்குத்தான் வலின்னு நினைக்க மாட்டாங்களா? ஜிம்ல என் மானமே போயிடும்."

இரண்டு முதுகுகளுக்கும் நடுவே எல்லைக் கல்லா நட முடியும்? நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறு, "சார், என் இடத்தை அளக்க வந்தீங்களா, முதுகை அளக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அன்று சர்வேயருக்குக் கோபம் வந்துவிட்டது. இனி எவர் தயவும் பார்ப்பதில்லை என்று முடிவுகட்டி இரண்டு குழுவுக்கும் ஒரே வரி அனுப்பினார். 'புதியது முதலில். யார் எழுதுகிறீர்களோ அவர்களுக்கே முதல் பக்கம்.' இதில் என்ன தப்பு வரமுடியும் என்று நினைத்தார். மனுஷன் நினைத்ததில் தப்பில்லை. எழுத ஆரம்பித்தவர்கள்தான் நிறுத்தவில்லை.

அம்மா ஆறரை மணிக்கு அனுப்பினார்: 'இன்று வெயில்.' அவ்வளவுதான் பதிவு; உடனே பட்டியலும் போயிற்று.

ஆறே முக்காலுக்கு மாமியார்: 'வெயில் நேற்றே ஆரம்பித்துவிட்டது. நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை.'

ஏழு மணிக்கு அம்மா: 'சிலருக்கு மற்றவர் வெயிலும் பொறுக்காது.'

பெரியப்பாவின் முதுகு ஒரே வாரத்தில் பாகம் நான்கிலிருந்து பாகம் முப்பத்தொன்றுக்குப் போயிற்று. வலி ஒன்றுதான், அதை எலும்பு எலும்பாகப் பிரித்து எழுதினார். மைத்துனன் உடம்பிலுள்ள ஒவ்வொரு தசைக்கும் ஒரு பதிவு போட்டான். மனித உடம்பில் இத்தனை தசை இருப்பது சர்வேயருக்கு அதுவரை தெரியாது. வாயே திறக்காத மாமனார்கூட ஒரு பதிவு அனுப்பினார். அதில் தலைப்பு மட்டும்தான் இருந்தது: 'ம்.'

இருபது பதிவு இருநூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு பக்கம் இருபத்திரண்டு ஆயிற்று. ஒரு புதுப் பதிவு மேலே ஏறினால் பத்தாவதாக இருந்தது அடுத்த பக்கத்தில் விழும், அது இன்னொன்றைத் தள்ளும், அது இன்னொன்றை. ஒருவர் 'வெயில்' என்று எழுதினால் இருபத்திரண்டு பக்கமும் நகர்ந்து உட்கார வேண்டும். சர்வேயர் ஒரு நாளைக்கு மூன்று முறை பட்டியல் அனுப்பினார்.

"காலைல மூணாம் பக்கத்துல இருந்தேன், மத்தியானம் ஏழாம் பக்கம், இப்ப பதினொண்ணு. நான் எங்கதாண்டா இருக்கேன்?" என்று அம்மா கேட்டார். குரலில் உண்மையான பயம் இருந்தது.

"வீட்லதாம்மா இருக்கீங்க."

"கிண்டலா?"

பக்கத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று 'புதியவை', ஒன்று 'பழையவை'. இந்த விவரத்தையும் சர்வேயர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பட்டியலோடு சேர்த்து அனுப்பிவிட்டார், வழி தெரியாமல் யாரும் தவிக்கக்கூடாதே என்று.

"பழையவைன்னு அமுக்கினா நான் வர்றேனா?" என்றார் பெரியப்பா.

"பதிவுதான் பெரியப்பா பழசு. உங்களைச் சொல்லல."

"அந்தப் பையன் புதியவைல வர்றான். நான் பழையவைல வர்றேன். எனக்கு எல்லாம் புரியுதுடா."

'பழையவை'யை 'மூத்தவை' என்று மாற்றினார். மாமியார் போன் செய்து, "அப்ப நாங்க இளையவங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றீங்க, சரிதான் மாப்பிள்ளை" என்றார். 'இங்கே' என்றும் 'அங்கே' என்றும் மாற்றிப் பார்த்தார். அங்கே இருக்க இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. கடைசியில் இரண்டு பொத்தானிலும் 'வாருங்கள்' என்று எழுதினார். அதோடு பொத்தான் பிரச்சினை ஓய்ந்தது. எண்தான் பாக்கி.

எண் இருக்கிறவரை ஒன்று என்று ஒன்று இருக்கும், ஒன்று இருக்கிறவரை இரண்டு இருக்கும், இரண்டு இருக்கிறவரை தன் வீட்டில் அமைதி இருக்காது. இதை சர்வேயர் வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போது கண்டுபிடித்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். பக்க எண் அச்சாகும் இடத்தைத் தேடிப் பிடித்தார். எந்தப் பக்கமானாலும் '1' என்றே காட்டு என்று எழுதினார்.

இருபத்திரண்டு பக்கமும் முதல் பக்கம் ஆயிற்று.

மனைவி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரையின் அடியில் வரிசையாக 1 1 1 1 1 1 என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நின்றது.

"என்னங்க இது, கம்பி வேலி மாதிரி?"

"எல்லாரும் முதல் பக்கம். உலகத்துல எந்த சர்வேயரும் இப்படிப் பிரிச்சதில்ல. எல்லாருக்கும் தெருவைப் பார்த்த மனை!"

தகவல் போயிற்று. இரண்டு குழுவிலும் அமைதி. கால் மணி நேரம், அரைமணி நேரம், ஒருவரும் கூப்பிடவில்லை. சர்வேயர் நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது போன் அடித்தது. மனைவி ஒலிபெருக்கியில் போட்டார்.

"முதல் பக்கம் போட்டுட்டியா? ரொம்ப சந்தோஷம்டா கண்ணா" என்றார் அம்மா. "பார்த்தேன். மனசு குளிர்ந்துடுச்சு."

"அப்பாடா" என்றார் சர்வேயர்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நான் எத்தனாவது முதல் பக்கம்?"

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. கை மட்டும் வயிற்றைப் பிடித்தபடியே இருந்தது.

"என்னங்க... இது சிரிப்பு வலி இல்லங்க."

மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் மனைவி அவர் கையை விடவில்லை. நெரிபட்ட விரல்கள் மரத்துப்போயின. வலி கொஞ்சம் அடங்கிய இடைவெளியில், "ரெண்டு பேரையும் வரச்சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார். சர்வேயருக்கும் பயமாக இருந்தது. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. பிரசவ அறைக் கதவு மூடியதும் நடைவழியில் நின்று முதலில் அம்மாவை அழைத்தார்.

"வலி எடுத்துடுச்சும்மா. ஆஸ்பத்திரியில இருக்கோம். வாங்க."

"ஐயோ, இதோ கிளம்பிட்டேன்!" என்று பதறிய அம்மா, செருப்பு மாட்டும் சத்தத்துக்கு நடுவே, "டேய், குழந்தை பிறந்ததை எந்தப் பக்கம் போடப்போற?" என்றார்.

மாமியாரும் பதறினார், அழுதார், கிளம்பிவிட்டதாகச் சொன்னார். பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு, "பேரனோ பேத்தியோ, அந்தச் செய்தியாவது எங்க பக்கம் வருமா மாப்பிள்ளை?" என்றார்.

சர்வேயருக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வைத்தார்.

பதினொன்று இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துவந்து காட்டியபோது நடைவழியில் எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்தச் சுவர் ஓரமாக அம்மாவும், முதுகைப் பிடித்தபடி பெரியப்பாவும். அந்தச் சுவர் ஓரமாக மாமியார், மாமனார், மைத்துனன். நடுவில் எட்டடி வெறும் தரை. இவர்கள் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு இந்தச் சுவருக்குத் திரும்பினார்கள். அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சுவருக்குத் திரும்பினார்கள்.

"மூக்கு நம்ம பக்கம்" என்றது இந்தச் சுவர்.

"நெத்தி அப்படியே நம்ம பக்கம்" என்றது அந்தச் சுவர்.

சர்வேயர் நடுத்தரையில் நின்று பார்த்தார். இப்படியே போனால் சாயங்காலம் ஏதாவது ஒரு சுவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். உள்ளே ஒருத்தி இரண்டு அம்மாக்களையும் எதிர்பார்த்துப் படுத்திருக்கிறாள். அவர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். வீட்டுக் கணினியில் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே அதிலும் நகல் எடுத்து வைத்திருந்தார், நிலம் அளக்கப் போகிற இடத்திலும் சண்டை வருகிறதே என்று. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டே வரி தட்டினார். 'இன்று காலை 11.20க்கு எங்களுக்கு மகள் பிறந்தாள். இரு பக்கமும் நலம்.'

இதை முதல் பக்கத்தில் போட்டால் எத்தனாவது முதல் பக்கம் என்று கேட்பார்கள். ஒன்றுக்கும் முன்னால் ஓர் எண் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூஜ்யம்! பூஜ்யம் என்று ஒரு பக்கம் உண்டாக்கி, அதில் இந்த ஒரே பதிவை மட்டும் வைத்து, கட்டளை தட்டினார். 'முடிந்தது' என்றது.

எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். அளந்து முடித்த நிலத்தின் எல்லையைப் படித்துக் காட்டும் குரலில் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. குழந்தை பூஜ்யம் பக்கம். எல்லா முதல் பக்கத்துக்கும் முன்னாடி. அங்க அவ மட்டும்தான். இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. இப்பப் போட்டாச்சு, பார்த்துக்குங்க."

நடைவழி முழுக்கப் போன்கள் வெளியே வந்தன. எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தார்கள்.

முதலில் அம்மாதான் தலை நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"பார்த்தேண்டா. எவ்வளவு அழகா இருக்கு! தனியா, ராணி மாதிரி."

"நானும் பார்த்துட்டேன் மாப்பிள்ளை" என்று மாமியார் மூக்கை உறிஞ்சினார். "படிக்கப் படிக்க உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

"இதுவரைக்கும் வந்ததுலயே இதாண்டா உருப்படியான பக்கம்" என்றார் பெரியப்பா.

"ம்" என்றார் மாமனார்.

அப்போது நடந்ததைச் சர்வேயர் சாகும்வரை மறக்கமாட்டார். மாமியார் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தார்.

"சம்பந்தியம்மா, எவ்வளவு நேரம் நிப்பீங்க? இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க."

அம்மா எட்டடித் தரையைக் கடந்துபோய் உட்கார்ந்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அன்று பெரியப்பா தன் முதுகைப் பற்றி மைத்துனனிடம் யோசனை கேட்டார். மைத்துனன் அவரை மெதுவாகச் சுவரில் சாய்த்து நிறுத்தி, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தான். சர்வேயர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருடம் பேசாத ஜனங்களை ஒரு இணையதளம் சேர்த்துவைத்துவிட்டது. உள்ளே போய் மனைவியிடம் சொல்ல வேண்டும்.

"என்ன சார், எல்லாரும் போனைப் பார்த்து அழறீங்க?" என்றபடி நர்ஸ் வந்தார்.

"எங்க மாப்பிள்ளை குடும்பத்துக்குன்னே ஒரு தளம் வச்சிருக்காரு சிஸ்டர்" என்றார் மாமியார். "தினமும் அதைத்தான் பார்த்துக்கிட்டே இருப்போம்."

"ஒரு நாளைக்கு மூணு தடவை பார்ப்பேன் நானு" என்றார் அம்மா, விட்டுக்கொடுக்காமல்.

"அப்படியா? முகவரி சொல்லுங்க சார், நானும் பார்க்கறேன்."

சர்வேயர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நர்ஸ் தட்டினார்.

"திறந்த உடனே பெருசா பூஜ்யம் வரும் பாருங்க" என்றார் அம்மா.

"பின்னாடி லேசா ரோஸ் கலர்" என்றார் மாமியார்.

ரோஸ் நிறம் எதுவும் வைத்ததாகச் சர்வேயருக்கு நினைவில்லை. ஆனால் மாமியாரை மறுத்துப் பேசுகிற நாளா அது?

"டக்குனு திறக்கும் சிஸ்டர். நான்லாம் ஜிம்ல எல்லாருக்கும் காட்டியிருக்கேன்" என்றான் மைத்துனன்.

நர்ஸ் போனை ஒருமுறை நிமிர்த்திப் பிடித்தார், ஒருமுறை சாய்த்துப் பிடித்தார், விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"சார், 'விரைவில் வருகிறோம்'னு ஒரே ஒரு வரிதான் இருக்கு. கீழே 'தளம் தொடங்கிய நாள் முதல் வந்து பார்த்தவர்கள்: 1'னு போட்டிருக்கு. அந்த ஒண்ணு நான்தானே?"